'இணைப்பு இருக்கிறது' என்று சொல்லி எங்கள் புகாரை மூடாதீர்கள்

வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களில் வாடிக்கையாளர் சேவையையும் நெட்வொர்க்கையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்குக் காது மந்தம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி கூப்பிடும்போது, காதில் கருவி போட்டிருந்தாலும் அவன் பேச்சில் பாதிதான் அவருக்கு எட்டும். மீதியை அவன் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதனால் எங்கள் வீட்டில் அழைப்பு என்றாலே வீடியோ அழைப்புதான். நாலு மாதத்துக்கு முன்னால் அந்தப் படம் உறைய ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒருமுறை; பிறகு தினமும் இரவில். தம்பியின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். குரல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் அதுவும் கரகரத்து அறுந்துபோகும். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சொன்னான்?" என்று என் பக்கம் திரும்புவார். இப்போதெல்லாம் கேட்பதையும் விட்டுவிட்டார். "சரிப்பா, சரிப்பா" என்று தலையை மட்டும் ஆட்டுகிறார்.

அந்த "சரிப்பா"வைக் கேட்கச் சகிக்காமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஐந்து முறை புகார் கொடுத்தேன். ஐந்து முறையும் ஒரே பதில்: "உங்க லைன் ஆக்டிவா இருக்கு மேடம், ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க." சில மணி நேரத்தில் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடும். போனில் பேசிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் லைன் இருக்கிறதா, இல்லையா என்பதைத் தாண்டி அவர்களிடம் வேறு கேள்வி இல்லை. 'இருக்கிறது, ஆனால் மெதுவாகிவிட்டது' என்று சொல்ல வருகிறவர்களுக்கு உங்கள் புகார் முறையில் இடமே ஒதுக்கவில்லை. நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வேறு வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் கிடைத்தது இதே பதில்தான்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மெதுவாவதும் பழுதுதான். ஒயர் அறுந்தால் எப்படி அதற்கு ஒரு காரணமும் ஒரு இடமும் உண்டோ, அப்படியே இதற்கும் உண்டு, அளந்தால் அகப்படும். எனக்கு அகப்பட்டது. ஆனால் அளக்க வேண்டிய கருவிகளெல்லாம் உங்கள் கையில் இருக்க, நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலு மாதம் தேட வேண்டியிருந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் பிளான் 200 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 200 மெகாபிட் வேகம். தினமும் காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தை அளந்து எழுதினேன். வைஃபையில் ஒருமுறை, லேப்டாப்பை ஒயரில் ரவுட்டரோடு இணைத்து ஒருமுறை. வைஃபையில் வரும் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். சுவர் தடுக்கும், பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அதே அலைவரிசையில் கத்தும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயேதான் இரைச்சல் போடும். ஆகவே ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துத் திறந்த இடத்தில் உயரமாக வைத்தேன், முடிந்ததையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அது எங்கள் வேலை, அதைச் செய்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

ஒயரில் அளந்த முதல் வாரக் கணக்கு இப்படி இருந்தது. காலை: 94, 94, 93, 94, 94, 94, 93. இரவு: 31, 22, 17, 28, 19, 24, 14.

இரவுக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பீர்கள். நானும் அதையேதான் பார்த்தேன். காலைக் கணக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது. நெரிசலால் குறையும் வேகம் ஏறும், இறங்கும். ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நிற்காது. 94இல் நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று 100இல் தடுக்கிறது, பாக்கி ஆறு, தரவைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி முகவரி ஒட்டி அனுப்பும் அந்த மேலுறைக்குப் போகிறது என்று அர்த்தம். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு இழைகள், நாலு ஜோடிகள். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒரே ஒரு இழை விட்டுப்போனாலும் இரண்டு முனைக் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, இரண்டு ஜோடியில் ஓடும் 100க்கு இறங்கிவிடலாம். எந்த எச்சரிக்கையும் வராது, எல்லா விளக்கும் எரியும். சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வந்த கேபிளை மாற்றினேன். அடுத்த நாள் காலை 187.

அந்த கேபிள் உங்கள் ஆள் போட்டுக்கொடுத்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேபிள் என்றால் பழுதாகும். அந்த இணைப்பு 100க்கு இறங்கிவிட்டது என்பது நீங்கள் கொடுத்த பெட்டியிலேயே பதிவாகியிருக்கும் தகவல். அதைத் தூரத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள டிஆர்-069 என்ற நெறிமுறை 2004லேயே வந்துவிட்டது. அதன் வழியாகத்தான் நீங்கள் எங்கள் பெட்டிகளின் மென்பொருளைப் புதுப்பிக்கிறீர்கள், அமைப்புகளை மாற்றுகிறீர்கள். ஐந்து அழைப்புகளில் ஒன்றிலாவது யாராவது அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அன்றைக்கே ஒரு பழுது தீர்ந்திருக்கும்.

இரண்டாவது பழுதைக் கண்டுபிடித்தது உங்கள் டெக்னீஷியன் தம்பி. நான் விடாமல் கேட்டு வரவழைத்தேன். வந்ததும் ரவுட்டரைத் தொடவில்லை. கையில் இருந்த சிறிய மீட்டரில் ஃபைபர் முனையைச் செருகிப் பார்த்தார். மைனஸ் 28.4 டிபிஎம். வந்து சேரும் ஒளியின் அளவு அது; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு. பிறகு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு மஞ்சள் ஒயரை மெல்ல இழுத்தார். "இங்க பாருங்கக்கா, அலமாரிக் காலுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டி மடங்கிக் கிடக்கு. கண்ணாடி இழை இது, மடங்குனா வெளிச்சம் உள்ளே ஓடாம வெளியே கசிஞ்சிடும்." மடிப்பை விடுவித்து, பெரிய வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். பச்சை முனையைத் துடைத்து மறுபடி அளந்தார். மைனஸ் 20.9.

அந்த அளவுகோலில் 3 குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம். இந்த 7.5 வித்தியாசத்தில், வர வேண்டிய ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவாகத்தான் என் பெட்டிக்கு வந்துகொண்டிருந்தது. வீடுகளில் வைக்கும் இத்தகைய பெட்டிகளுக்குப் பொதுவாக மைனஸ் 27 வரைதான் தாங்கும். அலமாரியை நகர்த்தியது நாங்கள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒளி அளவையும் நீங்கள் உங்கள் இடத்தில் இருந்தபடியே பார்க்க முடியும். அந்தத் தம்பியே தன் போனில் காட்டினார். நாலு மாதமாக சிவப்பில் கிடந்த எண் அது. அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஒதுக்குகிறீர்களோ தெரியாது, எங்கள் வீட்டில் நாற்பது நிமிடம் நின்று முறையாகப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு என் நன்றி போய்ச் சேர வேண்டும்.

காலை சரியானது. இரவு சரியாகவில்லை.

இரவில் குறைவது உங்கள் பக்கத்துக் கணக்கு. ஜிபான் என்ற முறையில் ஓடும் ஃபைபரில், தெருவில் ஒரே இழை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து கீழிறங்கும் கொள்ளளவு 2.488 ஜிபிபிஎஸ் (2,488 எம்பிபிஎஸ்), மேலேறுவது 1.244. 64 வீட்டுக்குத் தலைக்கு 200 என்று விற்றால் 12,800 எம்பிபிஎஸ் ஆகிறது. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுப்பதில்லை என்ற கணக்கில்தான் உலகம் முழுக்க இதை நடத்துகிறார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாக இருக்கிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள். நெரிசல் தெருவிலேயே இருக்கலாம், உங்கள் நெட்வொர்க் வெளி உலகத்தோடு சேரும் முனையிலும் இருக்கலாம். "ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாத்தானே வருது மேடம்" என்று ஒருமுறை சொன்னார்கள். அந்தச் சோதனை சர்வர் உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்தது. உங்கள் வாசல்வரை பாதை சீராக இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். வெளியில் இருக்கும் சர்வரை வைத்து அதே நிமிடத்தில் அளந்தால் 21 வந்தது.

இதற்கெல்லாம் அப்பாலும் ஒரு விஷயம் இருக்கிறது. அம்மாவின் அழைப்பைக் கெடுத்ததில் பெரிய பங்கு அதற்குத்தான். வீடியோ அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் போதும். 20 வரும்போதும் ஏன் உறைகிறது? ஒரு நாள் இரவு, அழைப்பு நடக்கும்போதே பிங் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை அது. 16 மில்லி செகண்டில் போய் வந்துகொண்டிருந்தது திடீரென்று 840, 910, 870 என்று ஏறியது. அந்த நேரத்தில் மகளின் போன், அன்று எடுத்த படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. போனை அணைத்ததும் மறுபடி 16.

அப்லோடு பாதை நிரம்பும்போது பொட்டலங்களை ரவுட்டர் வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசை அளவுக்கு மீறி நீளமாக இருந்தால், சின்னச் சின்னதாகப் போக வேண்டிய குரலும் படமும், மலை மாதிரி குவிந்த புகைப்படப் பொட்டலங்களுக்குப் பின்னால் காத்துக் கிடக்கும். இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010ஐ ஒட்டித் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, தோண்டித் துருவி எழுதினார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் வரிசை நீண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற தீர்வை 2012இல் சொன்னார்கள். அதை வரிசை பிரித்து மேம்படுத்திய எஃப்கியூ-கோடெல் முறை 2018இல் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 8290ஆம் எண்ணாக வெளிவந்தது. அது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய முறை, லினக்ஸ் இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் தந்த ரவுட்டரில் அந்த அமைப்பு வரும் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் நான் வேறொரு ரவுட்டர் வாங்கி நடுவில் வைத்தேன். இப்போது படங்கள் ஏறும்போதும் பிங் 30ஐத் தாண்டுவதில்லை.

எல்லோராலும் இப்படிச் செய்ய முடியாது. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், கணினியோடு பழக்கம் உண்டு, அதனால் முடிந்தது. என் அம்மா தனியாக இருந்திருந்தால் "சரிப்பா" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருப்பார். அப்படி எத்தனை வீடுகளில் பேசாமல் இருக்கிறார்களோ என்பதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015இல் வந்த ஒழுங்குமுறை, 'இவ்வளவு வரை' என்ற விளம்பர வேகத்தோடு நிறுத்தாமல், குறைந்தபட்சம் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறது. பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நடத்தை நெறியை ஏற்றுக் கையெழுத்திட்ட நிறுவனங்கள், 2019 மார்ச் முதல், உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். முடியாவிட்டால் அபராதம் வாங்காமல் வாடிக்கையாளரை விடுவிக்க வேண்டும். ஜெர்மனியில் 2021 டிசம்பர் முதல், சொன்ன வேகம் தொடர்ந்து வராவிட்டால் கட்டணத்தையே குறைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அளக்கும் மென்பொருளையும் அரசின் ஒழுங்குமுறை அமைப்பே தருகிறது. அந்த மென்பொருளால் வாடிக்கையாளர் அளந்த கணக்கை அங்கே சான்றாக மதிக்கிறார்கள் என்று படித்தபோது, என் நோட்டை நினைத்துக் கண் கலங்கியது.

ஆகவே, 'மெதுவாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அதைத் தனி வகைப் புகாராகப் பதிவு செய்யுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதற்கு முன்னால் ஒளி அளவையும் ஒயர் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், பார்த்ததை எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துத் தவறாக இருந்தால் நாங்கள் ஒப்புக்கொள்வோம், அலமாரியை நகர்த்துவோம். தெருவில் நெரிசல் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, எப்போது விரிவாக்குவீர்கள் என்று ஒரு தேதி கொடுங்கள். வரிசையைச் சீராக்கும் அமைப்பை ரவுட்டரில் திறந்துவிடுங்கள், அல்லது நீங்களே இயக்கிக் கொடுங்கள். புகாரை மூடும் பொத்தானை மட்டும் எங்களிடம் கேட்காமல் அழுத்தாதீர்கள்.

இதை எழுதும்போது இரவு 9:40. ஒயர் போட்டு வெளி சர்வரில் இப்போது அளந்தேன், 26. காலையில் 187 இருந்தது. என் ஆறாவது புகார் நேற்று முதல் திறந்திருக்கிறது. அதோடு நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். எங்கள் தெரு இழை வந்து சேரும் போர்ட்டின் இரவு எட்டு முதல் பதினொன்று வரையிலான பயன்பாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி