கோல்ஃப் பந்து வலப்பக்கமே போகிறதா, ராஜி?

சென்னை – 35
நவம்பர், மழை விட்ட காலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இத்தனை பக்கம் மை பேனாவில் எழுதுகிறவள் கோயம்புத்தூரில் நீ ஒருத்திதான் இருப்பாய். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டதும், உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானிலை மையத்துக்கு முன்னால் அறிவிக்கிறது. நம் பத்மா மயிலாப்பூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு மேடவாக்கத்தில் வாடகைக்குப் போயிருக்கிறாள். கோயில் மணி கேட்காமல் விடிந்த மாதிரியே இல்லை என்று தினமும் புலம்பல். உன் முகவரி கேட்டாள், கொடுத்திருக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் பிடித்தவர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய். பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து மரங்களுக்குள் போகிறது, யாரோ சொன்னார்கள் என்று விலை கூடிய டிரைவர் என்ற பெரிய மட்டையை வாங்கினாய், இப்போது அதே பந்து இன்னும் அதிக தூரம் போய் அதே மரங்களுக்குள் விழுகிறது. அந்த டிரைவரைக் கொஞ்ச காலம் பையிலேயே தூங்கவிடு. 5 வுட் அல்லது ஹைபிரிட் என்ற சின்ன மட்டையை எடுத்து, டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து, அடி. இருபது யார்டு குறையும், போகட்டும். பந்தைத் தேட விதி தருவது மூன்றே நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது கணக்கில் ஒரு அடி, தண்டம், மறுபடி பழைய இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். இருபது யார்டுக்கு ஆசைப்பட்டு அந்த விலை கொடுப்பானேன்?

பந்து ஏன் வளைகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, படும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. கிளம்பிய பின் வளைவதற்குக் காரணம், அந்த முகத்துக்கும் மட்டை வீசி வந்த பாதைக்கும் உள்ள வேறுபாடு. உன் மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வருகிறது, முகம் அந்தப் பாதைக்கு வலமாகத் திறந்திருக்கிறது. அதுதான் ஸ்லைஸ். வலப்பக்கம் போகிறதே என்று நாம் இன்னும் இடப்பக்கம் குறிபார்த்து நிற்கிறோம். அப்படி நின்றால் வீச்சு இன்னும் குறுக்காகும், வளைவும் கூடும். முதலில் பிடியைப் பார். இடது கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடி. குனிந்து பார்த்தால் அந்தக் கையில் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் திறந்துகொண்டுதான் வரும். பிடியை மாற்றினால் ஒரு வாரம் கை அந்நியமாகத் தோன்றும், பந்து இடப்பக்கம்கூடப் போகும். அதற்காகப் பழைய பிடிக்குத் திரும்பிவிடாதே.

அயன் என்ற இரும்பு மட்டையால் அடிப்பதற்கு நான் செய்யும் பயிற்சியைச் சொல்கிறேன். சிரிக்காதே. பயிற்சி மைதானத்துக்குப் போகும்போது சின்ன டப்பாவில் கோலமாவு எடுத்துப் போகிறேன். புல்லின் மேல் நேராக ஒரு கோடு இழுக்கிறேன். பந்து வேண்டாம். கோட்டுக்கு நேரே நின்று 8 அயனால் வீசினால் மண் எங்கே பெயர்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாகப் பெயர்ந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால், பந்து இருந்திருந்தால் முதலில் மண்ணைத்தான் அடித்திருப்பாய். எடையை முன்காலுக்குக் கொண்டு போகாமல் பின்காலிலேயே தேங்குகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும். பத்து வீச்சுக்குள் உன் உடம்பே கணக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளும். யாரும் பக்கத்தில் நின்று பாடம் எடுக்க வேண்டாம். இதே வேலையை மட்டையின் முகத்துக்கும் செய்யலாம்: வியர்வைக்குப் பூசும் பவுடரை முகத்தில் மெல்லத் தடவி அடித்தால், பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் தெரியும். குதிகால் பக்கமா, நுனியா, நடுவா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். தூரம் குறைவதற்குப் பலம் போதாதது காரணம் இல்லை, நடுவில் படாததுதான் காரணம் என்று அப்போது தெரியும்.

இலவச ஆலோசனை பற்றியும் எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் நான் தரையில் பந்து வைப்பதற்குள் பக்கத்து இடத்திலிருந்து ஒரு பெரியவர் "மேடம், தலையைத் தூக்காதீர்கள்" என்பார். அவருடைய பந்து எங்கே போனது என்று நான் கேட்பதில்லை. பந்து போன பிறகும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் உடம்பு திரும்பாது, வீச்சு பாதியில் நின்றுவிடும். ஒரே ஒரு பயிற்சியாளரைப் பிடித்துக்கொள், ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடு. மற்றவர்களுக்கு ஒரு புன்னகையும் "சரி சார்" என்ற ஒரு சொல்லும் போதும்.

ஆட்டத்தில் எண்ணிக்கை குறைய வேண்டுமானால் எதில் உழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஸ்ட்ரோக்குகளை ஆராய்ந்தவர். ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் இருக்கிறது என்று காட்டினார். ஹோல் இருக்கும் குட்டைப் புல்தரையான கிரீனுக்கு அருகே தட்டும் சிப்பும், கிரீனில் உருட்டும் பட்டிங்கும்தான் எல்லாம் என்று காலகாலமாகச் சொல்லிவந்ததை அது ஆட்டம் காண வைத்தது. கேட்டவுடன் நம்மவர்கள் இன்னும் பலமாக அடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். நம் வயதில், நம் தோளில், தூரம் இனிமேல் பெரிதாகக் கூடப் போவதில்லை. கெட்ட அடி வராமலும் இருக்கப் போவதில்லை. அந்தக் கெட்ட அடி ஒரு ஸ்ட்ரோக்கோடு நிற்கிறதா, மூன்றைத் தின்கிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. மரத்துக்குள் போன பந்தை இரண்டு கிளைகளுக்கு நடுவே கிரீனுக்கு அனுப்பப் பார்க்காமல், பக்கவாட்டில் வெட்டவெளிப் பாதையான ஃபேர்வேக்குத் தட்டிவிடு. தண்ணீருக்கு மேலே அடிக்க வேண்டிய இடத்தில், உன் சராசரி அடி தாண்டுமா என்று பார். என்றோ ஒரு நாள் அமைந்த அற்புதமான அடியைக் கணக்கில் சேர்க்காதே. கொடி ஓரத்தில் இருந்தால் கிரீனின் நடுவைப் பார்த்து அடி. ஹோலுக்குக் கிட்டே இருக்கும் முன் டீயிலிருந்து ஆடக் கூச்சப்படாதே. கூச்சப்படும் ஆண்களை நான் தினமும் பார்க்கிறேன், அவர்கள் ஸ்கோர் கார்டையும் பார்க்கிறேன்.

ஹேண்டிகேப், அதாவது திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள், பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உச்சவரம்பு 54. முதல் ஹேண்டிகேப் வாங்குவதற்குக் கொடுக்கும் ஸ்கோர்களில், ஒரு ஹோலில் எத்தனை அடித்தாலும் பாருக்கு (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கைக்கு) மேல் ஐந்தோடு கணக்கு நின்றுவிடும். ஆகவே நட்பு ஆட்டத்தில் பார் 4 ஹோலில் ஒன்பதைத் தொட்டுவிட்டாயானால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நட. பின்னால் காத்திருப்பவர்களும் வாழ்த்துவார்கள்.

தூரம் இல்லாமலும் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக்கைப் பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் டீயிலிருந்து குறைவான தூரம் அடித்தவர்களில் ஒருத்தி அவள். பட்டிங் மட்டையை வைத்துக்கொண்டே கடைசி நாள் வரை பதக்கத்துக்குப் போராடி, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் நழுவவிட்டு நான்காவதாக வந்தாள். கொல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியாவும் நீள அடிக்காரர் அல்ல. 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பனை வென்றது கிரீனைச் சுற்றி அவர் காட்டிய கைத்திறனால்தான்.

பட்டிங்குக்கு உனக்கு ஒரு வசதி இருக்கிறது. உங்கள் பக்கத்து பவானி ஜமுக்காளம் வீட்டில் கட்டாயம் இருக்கும். கூடத்தில் விரித்து, அதன் பட்டைக் கோட்டின் மேலேயே பந்தை உருட்டு. கோட்டை விட்டு விலகினால் உடனே தெரிந்துவிடும். முனையில் ஒரு காபி டம்ளரை வை. உண்மையான ஹோலின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். டம்ளரைத் தட்டப் பழகியவளுக்கு அது அகலமாகத் தெரியும். ஆனால் இது திசைக்கு மட்டும்தான். மூன்று முறை பட் அடிக்க வைப்பது பெரும்பாலும் வேகக் கணக்கு. அதற்கு மைதானத்தில்தான் பழக வேண்டும்: முதல் பந்தை நீளமாக உருட்டிவிட்டு, அடுத்ததை அது நின்ற இடத்திலேயே நிறுத்தப் பார். எட்டு அடி தூரத்தில் தவறவிட்டால் மனம் உடையாதே. அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள்.

நம் ஊர் கிரீன்கள் பெரும்பாலும் பெர்முடா புல். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், பந்தையும் அந்தப் பக்கம் இழுக்கும். எனக்கு மட்டைப் பை தூக்கும் பெரியவர், சிறு வயதிலிருந்து இந்த வேலையில் இருப்பவர், சரிவைப் பார்ப்பதற்கு முன்னால் ஹோலின் விளிம்பைப் பார்க்கிறார். ஒரு பக்க விளிம்பு பச்சையாக இருக்கும், எதிர்ப்பக்கம் காய்ந்து பிசிறாக இருக்கும். காய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் சாய்கிறது. பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வோடு போகிறது, வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் கூடுதலாகத் தட்ட வேண்டும். மார்கழிக் காலையில் இன்னொரு வசதியும் உண்டு. பனி படிந்த கிரீனில் முன்னே போன பந்துகள் விட்டுச்சென்ற தடம் அப்படியே இருக்கும், எங்கே வளைந்தது என்பதைப் படமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்ப்பதில் விதிமீறல் எதுவும் இல்லை.

கிரீனுக்கு வெளியே பத்தடியில் இருக்கும்போது சாண்ட் வெட்ஜ் என்ற மணல் மட்டையால் வானத்துக்கு எழுப்பாதே. 8 அயனை எடுத்து, பட் அடிப்பதுபோலத் தட்டி, கிரீனுக்குள் ஓரெட்டு தள்ளி விழவிட்டு மீதியை உருளவிடு. மணல் பள்ளமான பங்கரில் மட்டை பந்தைத் தொடவே கூடாது. அதற்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலில் மட்டையை இறக்கி, வீச்சை நிறுத்தாமல் முடி, மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு வரும். மழைக்குப் பிறகு மணல் இறுகியிருந்தால் மட்டை முகத்தை அதிகம் திறக்காதே, தரையில் மோதி எகிறிப் பந்தின் வயிற்றில் போய்ப் படும்.

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் பந்து போகாது என்று கிளப் வராந்தாவில் ஒரு கட்சி இருக்கிறது. ஈரக் காற்று வறண்ட காற்றைவிடச் சற்று லேசானது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. பந்தைப் பிடித்து நிறுத்துவது முற்பகலுக்கு மேல் கிளம்பும் கடற்காற்று. உனக்கு அதைவிடப் பெரிய சோதனை, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் சுழற்சி கூடிப் பந்து மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். இரண்டு நம்பர் குறைந்த, அதாவது அதிக தூரம் போகும் அயன் எடுத்து மெதுவாக வீசு. நம் வெயிலில் இரண்டு கையுறை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடு, ஈரமானதைப் பையின் வெளியே தொங்கவிடு. மட்டைப் பிடிகளை அவ்வப்போது சோப்பு நீரில் கழுவு, வியர்வை எண்ணெய் ஏறிப்போனால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், இறுக்கினால் வீச்சு போச்சு. தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் எடுத்துப் போ.

கிண்டி கோல்ஃப் மைதானம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ரேஸ் கிளப் வசமிருந்த நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கம் நான் போகவில்லை. வெள்ள நீர் தேங்கக் குளம் வெட்டினார்கள். வேளச்சேரிக்காரியான என் தங்கை அதைக் கேட்டு மகிழ்ந்தாள், அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அவளுக்கல்லவா தெரியும்.

பிப்ரவரியில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, கோவைக்கு வருகிறேன். வியாழனே வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் ஏழு மணிக்கு முன்னால் நேரம் வாங்கி வை. ஒன்பது ஹோல் போதும், என் முழங்காலும் நானும் அதற்குத்தான் ஒப்பந்தம். தோற்றவள் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி வாங்கித் தர வேண்டும். அந்தப் புது டிரைவரையும் கொண்டு வா, நான் ஒரு முறை அடித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மைதிலி