தாயில்லாமல் வந்த குஞ்சுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நால்வரும் நலம். கோழி வளர்ப்பதற்கு இத்தனை மாத ஆயத்தம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நம் வீட்டில் பெட்டைக்கோழி தானே அடைகாத்து, தானே குஞ்சுகளை மேய்த்து, பருந்தைக் கண்டால் தானே இறக்கையை விரித்து அவற்றை மூடிக்கொள்ளும். அந்தியில் கூட்டைச் சாத்துவது மட்டுமே நம் வேலையாக இருந்தது. இங்கே பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் தாயில்லாமல் பெட்டியில் வந்து சேருகின்றன. தாய்க்கோழி செய்வதையெல்லாம் நாங்களே கற்றுச் செய்ய வேண்டும்.

இந்த நாட்டுக் குளிரைத் தாங்கும் ரோட் ஐலண்ட் ரெட் இனத்தில் 12 குஞ்சுகள் வாங்கினோம். பிறந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால், இரண்டு மூன்று நாள்கள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் அது பயணத்தைத் தாங்கிவிடுகிறது. தாய்க்கோழி கடைசி முட்டையும் பொரியும் வரை எழுந்திராமல் அமர்ந்திருக்க முடிவதும் இதனால்தான். ஆனாலும் வந்து சேர்ந்தவுடன் அவற்றுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். உங்கள் மருமகன் ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட, குழந்தைகள் அவற்றை எண்ணி உள்ளே விட்டார்கள். குஞ்சு விழுந்து நனைந்துவிடாதபடி ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்திருந்தோம்.

முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பலர் இதற்குத் தொங்கும் சூட்டு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். காய்ந்த மரத்தூளின் மேல் அது அறுந்து விழுந்தால் கொட்டகையே எரிந்துவிடும் என்பதால், நாங்கள் குஞ்சுகள் அடியில் புகுந்துகொள்ளும்படியான வெப்பத் தகட்டை வாங்கினோம். அது தாயின் வயிற்றுச் சூட்டைப் போல மேலிருந்து படுகிறது. வெப்பமானியைவிடக் குஞ்சுகளின் நடத்தையைத்தான் நான் நம்புகிறேன். குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கத்துகின்றன. சூடு மிஞ்சினால் சுவரோரம் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. சரியாக இருந்தால் பரவிக் கிடந்து உறங்குகின்றன.

கொட்டகையைக் குஞ்சுகள் வருவதற்கு முன்பே கட்டி முடித்தோம். குஞ்சு ஆறு வாரத்தில் இறகு முளைத்து வெளியே போகத் துடிக்கும். அப்போது மரமும் ஆணியும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இங்கே நரியும் மரநாய் வகை விலங்குகளும் இரவெல்லாம் சுற்றுகின்றன. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, பகையை வெளியே நிறுத்தாது. ஆகையால் அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையை அடித்து, நரி தோண்டாதபடி அதன் அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணில் புதைத்திருக்கிறோம். கோழிக்கு 4 சதுர அடி வீதம் உள்ளிடம் விட்டோம். இடம் நெருங்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும்; ரத்தம் கண்டுவிட்டால் அந்தப் பழக்கத்தை நிறுத்துவது கடினம். முட்டையிடும் பெட்டி நான்கு கோழிக்கு ஒன்று போதும். ஆனால் இரவில் அமரும் கட்டை அந்தப் பெட்டிகளைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உயரமான இடத்தைத் தேடி உறங்குவது கோழியின் இயல்பு ஆதலால், பெட்டி உயர்ந்திருந்தால் அதிலேயே உறங்கி எச்சமிட்டு வைக்கும். கட்டையைத் தட்டையாக அமைத்ததற்கும் காரணம் உண்டு: பனிக்காலத்தில் கோழி அமரும்போது வயிற்று இறகு கால்விரல்களை மூடிக் காக்கும்.

பனிக்காலத்துக்காகக் கொட்டகையை இடுக்கில்லாமல் அடைத்துவிட வேண்டும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். உண்மையில் கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. மூச்சும் எச்சமும் விடுகிற ஈரம் உள்ளே தங்கினால் கொண்டை உறைந்து கருகும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கும். எனவே அமர்ந்திருக்கும் கோழிகளின் தலைக்கு மேலே, காற்று நேரே அவற்றின்மேல் வீசாதபடி திறப்புகள் விட்டிருக்கிறோம். ரத்தக்கழிச்சலும் ஈரமான கூளத்தில்தான் பெருகுகிறது. நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிடுகிறேன். வேலை முடிந்ததும் குழந்தைகளைக் கை கழுவ வைக்காமல் வீட்டுக்குள் விடுவதில்லை.

தீனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகச் சேர்த்திருப்பார்கள். அதை வளரும் குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகும். ஏறத்தாழ 18 வாரம் வரை வளர்ச்சித் தீனியையே கொடுத்து, முட்டைப் பருவம் நெருங்கும்போது மாற்ற வேண்டும். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும் என்ற கணக்கில், 12 கோழிகளுக்கும் மாதத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ தீனி வேண்டியிருக்கும். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்தால் முட்டை குறையும். இங்கோ பனிக்காலப் பகல் மிகக் குறுகியது. விளக்கேற்றி முட்டை வாங்கும் வழி உண்டு என்றாலும், முதல் ஆண்டில் அவை ஓய்வெடுக்கட்டும் என்றே இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

அடுத்த வசந்தத்தில் குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்காமல் இங்கேயே பொரிக்கவைக்க விரும்புகிறேன். மிகுதியாக முட்டையிட வேண்டுமென்றே தேர்ந்து பெருக்கிய இனமாதலால் இவை அடைக்கு அமர்வது அரிது. ஆகவே, அடையில் நன்றாக அமரும் வேறு இனக் கோழி ஒன்றிரண்டைச் சேர்க்க எண்ணியிருக்கிறேன். புதிதாக வருபவற்றை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையோடு விடுவேன். 21 நாளும் எழுந்து ஓடாமல் அமரக்கூடிய கோழி எது என்பதை நீங்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவீர்களே, எந்த அடையாளத்தைக் கண்டு சொல்வீர்கள்? ஒரு கோழியின் அடியில் எத்தனை முட்டை வைப்பீர்கள்? அப்பாவிடமும் கேட்டு விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்