எத்தனை இலக்கம் வரை காத்திருப்பது?

ராயபுரம்

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து, காசிமேட்டுக்குத் தானே போய் மீன் வாங்கி வருகிறார்.

சரி, நீ கேட்ட ஏடிஏ விஷயம், அதாவது சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அந்தப் பெட்டி, நம்பர் முடிந்தது என்று தெரிந்து அழைப்பை அனுப்ப எத்தனை இலக்கம் வரை காத்திருக்க வேண்டும் என்பது. போன மாதம் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினேன். முன்பு மாட்டிக் கொடுத்தவர்கள், எந்த நம்பரை அழுத்தினாலும் ஐந்து விநாடி பொறுத்து அனுப்பும்படி ஒரே விதியைப் போட்டிருந்தார்கள். அது தேவையே இல்லையடா. சென்னை லேண்ட்லைன் 8 இலக்கம். எஸ்டிடியோ மொபைலோ, முன்னால் 0 சேர்த்து 11. கடைசி இலக்கம் விழுந்த கையோடு அழைப்பு போகலாம்.

காத்திருக்க வேண்டியது 00-இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்புக்குத்தான். அதிலும் சிங்கப்பூருக்கு 65-க்குப் பிறகு 8 இலக்கம் என்று எழுதிவிடலாம். ஜெர்மனிதான் பாடாய்ப்படுத்துகிறது. அங்கே பல கம்பெனிகளின் பொது நம்பர் 0-இல் முடியும். அதை எடுத்துவிட்டு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால் நேரே ஆளின் மேசைக்குப் போகும். எங்கே முடிகிறது என்பது அந்தக் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்கே வெளிச்சம். பழைய டிஜிட்டல் போன் இணைப்பான ஐஎஸ்டிஎன்னில் இலக்கங்களை ஒவ்வொன்றாக அனுப்பலாம், போதும் என்று அந்த முனை சொல்லும். இணையத்தில் அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி முறையில் முழு நம்பரும் 'இன்வைட்' என்ற ஒரே அழைப்புச் செய்தியில் போகிறது. இலக்கம் குறைந்தால், நம்பர் முழுமையில்லை என்று 484 என்ற பதில் திரும்பி வரும். இலக்கம் கூட்டி மறுபடி அனுப்பும் வழி 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3578 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ள சர்வர்களும் ஒத்துழைக்க வேண்டும். அதனால் ஜெர்மனிக்கு மட்டும், கடைசி இலக்கத்துக்குப் பிறகு சில விநாடி பொறுக்கும் டைமரையே நம்பினேன்.

அங்கே ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் உள்ள நம்பரை நாலு நாலாகப் பார்த்து அழுத்துவார். 3 விநாடி வைத்தால் அவர் அடுத்த நாலைப் பார்ப்பதற்குள் பாதி நம்பர் கிளம்பிவிடும். அவருக்காக 6 வைத்தேன். அவசரக்காரர்கள் கடைசியில் ஹாஷ் (#) அழுத்தட்டும், உடனே போய்விடும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. எக்ஸ்டென்ஷன்களை 101-லிருந்து கொடுத்திருந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு 108 அழுத்தினால் பில்லிங் மேசையில் மணி அடிக்கிறது! தீயணைப்புக்கு 101 என்றால் ரிசப்ஷன் எடுக்கிறது. கெமிக்கல் சரக்கு பார்க்கிற ஆட்கள், மனசே கேட்கவில்லை. அன்றே எல்லாவற்றையும் 8-இல் தொடங்கும்படி மாற்றினேன். 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனில் மொபைலுக்கு 0 கட்டாயம் என்பதால், 8-இல் தொடங்கும் மொபைல் நம்பரோடும் மோதாமல் 8 நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. 2 வைத்தால் சென்னை நம்பரோடு மோதும், மறுபடி காத்திருப்புதான். இப்போது 100, 101, 108, 112 நான்கும் டைமர் இல்லாமல் நேரே வெளியே போகின்றன.

உங்கள் மில்லில் எக்ஸ்டென்ஷன் எதில் தொடங்குகிறது? 1 என்றால் ஜெர்மனி அப்புறம், முதலில் அதை மாற்று. மாற்றிவிட்டு எழுது.

அன்புடன்,
முருகன்