பென் டிரைவைத் திறந்தால் பாட்டு ஏன் பாடியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள் என்று நம் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். என் கடையில் அதை மூன்று வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டேன். ஆனால் ஏற்றிய பிறகு வருகிற சில்லறைத் தொல்லைகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு தொல்லை, துக்க வீட்டுக்காரர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தது.

காவேரிப்பட்டணத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, டைப் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்து, அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தவள். கடையில் இரண்டு மெஷின். ஒன்றில் விண்டோஸ், டிசைன் வேலைக்கு. இன்னொன்று நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், நாலு ஜி.பி. ராம். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளாது. அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன்.

செலவு மிச்சம் என்பதைவிட எனக்கு அதில் வேறு ஒரு லாபம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்களுக்கு இது புரியும். வருகிற பென் டிரைவில் பாதிக்கு வைரஸ். நிஜமான ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டு வைக்கும். விண்டோஸில் அதைத் தொட்டால் போச்சு, அடுத்து வருகிறவர் பென் டிரைவுக்கும் ஒட்டிக்கொள்ளும். லினக்ஸில் அந்த ஷார்ட்கட் வெறும் செத்த ஃபைலாகக் கிடக்கும், ஒளித்து வைத்த ஃபோல்டர் பக்கத்திலேயே தெரியும். அதனால் எந்தப் பென் டிரைவ் வந்தாலும் முதலில் லினக்ஸ் மெஷினில்தான் சொருகுவேன்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் காலை ஏழரை மணி இருக்கும். பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். மகனும் இன்னும் இரண்டு பேரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார்கள். போட்டோ பென் டிரைவில் இருந்தது. மகன் மினி லாரி ஓட்டுகிறவர், வண்டியில் சொருகியிருந்த பென் டிரைவையே உருவிக்கொண்டு வந்திருக்கிறார். சொருகினேன். திரையில் கீழ்ப்பட்டையில் பென் டிரைவ் படம் வந்தது. அழுத்தி, பெயரைத் தொட்டேன். போட்டோக்கள் இருக்கிற ஜன்னல் திறப்பதற்குப் பதிலாக ஒரு பாட்டு பிளேயர் திறந்தது. பென் டிரைவில் இருந்த அத்தனை பாட்டையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, முதல் பாட்டைப் போட்டது. நல்ல குத்துப் பாட்டு. முந்தின நாள் யாரோ ஸ்பீக்கரை முழுசாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடை அதிர்ந்தது.

எனக்குக் கை ஓடவில்லை. ஜன்னலை மூடினேன், பாட்டு நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். "மன்னிச்சுக்குங்கண்ணா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட வந்த சித்தப்பாதான், "ஏம்மா, நேரங்காலம் தெரியாதா?" என்றார். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் தானாகச் செய்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

போஸ்டர் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். விசித்திரமாக இருந்தது. ஃபோல்டர்களைக் காட்டுகிற ஃபைல் மேனேஜரை முதலில் திறந்துகொண்டு, அதற்குள்ளிருந்து ஒவ்வொரு ஃபோல்டராகப் போனால் ஒழுங்காகத் திறக்கிறது. கீழ்ப்பட்டையிலிருந்து பென் டிரைவைத் தொட்டால் மட்டும் பாட்டு பிளேயர். பிரவுசரில் இறக்கிய ஃபைலைக் காட்டச் சொன்னால் அதுவும் ஒழுங்காகத்தான் வருகிறது. ஒரே ஃபோல்டர்தான், ஒரு வாசல் வழியாகப் போனால் வீடு, இன்னொரு வாசல் வழியாகப் போனால் கச்சேரி.

வழக்கமாக வருகிற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "லினக்ஸ் இப்படித்தான்கா, விண்டோஸே போட்டுடலாம்" என்றார். வேண்டாம் என்றதும், இருக்கிற ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாமல் மின்டையே மறுபடி புதிதாக ஏற்றிக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் கடைப் பையன் தன் பாட்டு பிளேயரை மறுபடி இன்ஸ்டால் செய்தான். அன்று சாயங்காலமே பழைய குருடி கதவைத் திறடி.

பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிற என் அக்கா மகளுக்கு போன் போட்டேன். அவள் சிரித்துவிட்டு, "சித்தி, ரீ-இன்ஸ்டால் பண்ணாலும் போகாது. அது உங்க ஹோம் ஃபோல்டர்ல ஒரு வரியா எழுதி வெச்சிருக்கு" என்றாள். அப்புறம் அவள் சொல்லித் தந்ததை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

மாங்காய் சீசனில் எங்கள் ஊர்ப் பக்கம் லோடு வந்தால், பெங்களூரா என்றால் கூழ் ஃபேக்டரிக்கு, செந்தூரா என்றால் மண்டிக்கு என்று ரகத்தைப் பார்த்தே வண்டியைத் திருப்புவார்கள். லினக்ஸிலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ரகப் பெயர் உண்டு, மைம் டைப் என்பார்கள். படத்துக்கு ஒன்று, பி.டி.எஃப்.-க்கு ஒன்று. ஃபோல்டரும் அந்தக் கணக்கில் ஒரு ரகம்தான். அதன் பெயர் ஐநோட்/டைரக்டரி. எந்த ரகத்தை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான இடங்களிலிருந்து ஃபோல்டரைத் தொட்டால் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் திறக்கும். ஃபைல் மேனேஜருக்கு உள்ளே நடக்கும்போது பட்டியல் தேவையில்லை, அது தானே திறந்துகொள்ளும். சில பிரவுசர்களும் பட்டியலைப் பார்க்காமல் நேராக ஃபைல் மேனேஜரைக் கூப்பிட்டுவிடும். எனக்கு ஒரு வாசலில் மட்டும் கச்சேரி கேட்டதற்குக் காரணம் இதுதான்.

சரி, பாட்டு பிளேயர் எப்படி அந்தப் பட்டியலுக்குள் வந்தது? ஒரு புரோகிராமை ஏற்றும்போது, தன்னால் எந்தெந்த ரகத்தைத் திறக்க முடியும் என்று அது ஒரு சீட்டு கொடுக்கும். டெஸ்க்டாப் ஃபைல் என்று பெயர். பாட்டு பிளேயர்கள் சில, ஃபோல்டரையும் எடுப்பேன் என்று அதில் எழுதிக்கொள்கின்றன. ஒரு ஃபோல்டர் நிறையப் பாட்டைக் கொடுத்தால் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டுமே, அதற்காக. புரோகிராம் எழுதுகிற எடிட்டர்கள், ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற கருவிகள்கூட இப்படி எழுதிக்கொள்வது உண்டாம். எழுதியதில் தப்பில்லை. யாராவது அதை முதல் ஆளாக உட்கார வைத்தால்தான் வம்பு. எங்கள் பையன் பாட்டு ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, பிளேயரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் இதிலேயே திறக்கட்டும் என்கிற பொத்தானையும் அழுத்தியிருக்கிறான். அவன் நினைத்தது அந்த ஒரு ஃபோல்டருக்கு. கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது உலகத்தில் உள்ள எல்லா ஃபோல்டருக்கும்.

அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. அந்தப் பொத்தானில் என்ன எழுதியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்? ஆங்கிலத்தில் டிஃபால்ட். தமிழில் ஒரு இடத்தில் இயல்புநிலை, இன்னொரு இடத்தில் முன்னிருப்பு, வேறொரு இடத்தில் இயல்பிருப்பு. முப்பது வருஷமாகத் தமிழ் டைப் அடிக்கிறேன், எனக்கே முன்னிருப்பு என்றால் பெட்டிக்கடைச் சரக்கு இருப்பு மாதிரித்தான் கேட்கிறது. 'வழக்கமாகத் திறப்பது' என்று போட்டால் யாருக்குப் புரியாது?

இனி வைத்தியம். கட்டளைகளை டைப் அடிக்கிற டெர்மினல் ஜன்னலைத் திறந்து தட்ட வேண்டும். ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், போனில் எனக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன். முதலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பது: எக்ஸ்.டி.ஜி., இடைவெளி விடாமல் ஒரு சிறுகோடு, எம்.ஐ.எம்.இ. அதாவது எக்ஸ்டிஜி-மைம். ஒரு இடம் விட்டு, கொயரி. இடம் விட்டு, டிஃபால்ட். இடம் விட்டு, ஐநோட், சாய்கோடு, டைரக்டரி. என்டர் தட்டினால் ஒரு பெயர் வரும். எனக்குப் பாட்டு பிளேயரின் பெயர் வந்தது, கடைசியில் டாட் டெஸ்க்டாப் என்று. களவாணி கையும் களவுமாக.

அடுத்தது ஆளை மாற்றுவது: எக்ஸ்டிஜி-மைம், இடம், டிஃபால்ட், இடம், நீமோ டாட் டெஸ்க்டாப், இடம், ஐநோட்/டைரக்டரி. நீமோ என்பது என் மின்டில் இருக்கிற ஃபைல் மேனேஜர். என்டர் தட்டினேன். ஒன்றுமே வரவில்லை. "என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது?" என்றேன். "சொல்லலைன்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம் சித்தி. தப்புன்னாத்தான் பேசும்." முதல் கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்தேன். நீமோ என்று வந்தது. ரீஸ்டார்ட் எதுவும் தேவைப்படவில்லை. ஐந்நூறு ரூபாயும் ஒரு நாள் வேலையும் கேட்ட காரியம், இரண்டு வரியில் முடிந்தது.

அந்த ஒரு வரி எங்கே இருந்தது என்றும் காட்டச் சொன்னேன். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், எச் சேர்த்து அழுத்தினால், புள்ளியில் தொடங்குகிற ஒளிந்த ஃபோல்டர்கள் தெரியும். அதில் டாட் கான்ஃபிக். அதற்குள் மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட் என்று ஒரு சாதாரண எழுத்து ஃபைல், நோட்பேட் மாதிரி எதில் வேண்டுமானாலும் திறக்கலாம். டிஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே ஐநோட்/டைரக்டரி, சமக்குறி, புரோகிராமின் பெயர். அவ்வளவுதான். மெக்கானிக் ஃபைல்களைக் காப்பாற்றித் தருகிறேன் என்று ஹோம் ஃபோல்டரைத் தொடாமல் விட்டார் அல்லவா, இந்த ஃபைலும் பத்திரமாக இருந்துவிட்டது. பிளேயர் இல்லாத இரண்டு நாள் அந்த வரி ஆள் இல்லாத நாற்காலி மாதிரி சும்மா கிடந்தது. பையன் திரும்ப ஏற்றியதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை அடிக்க அந்த மகனே வந்தார். அதே பென் டிரைவ். சொருகுவதற்கு முன்னால் நான் ஸ்பீக்கரை அணைத்ததைப் பார்த்துவிட்டார். "பாட்டு இன்னைக்கு இல்லையாம்மா?" என்று லேசாகச் சிரித்தார். "அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டுதான் அது."

ஆசிரியர் ஐயா, நான் கேட்பது சின்ன விஷயம். லினக்ஸ் ஏற்றுங்கள் என்று அரைப் பக்கம் எழுதுகிறீர்கள், ஏற்றியவர்களுக்கு வாரம் கால் பத்தி ஒதுக்குங்கள். பிரிண்டர் கண்டுகொள்ளவில்லை, தமிழ் 99 கீபோர்டு மாறவில்லை, ஃபோல்டர் தப்பாகத் திறக்கிறது, இந்த மாதிரி ஒரு தொல்லை, ஒரு தீர்வு. எங்களை மாதிரி கடைக்காரர்களுக்கு இந்த ஒரு தொல்லை போதும், பழையபடி திருட்டு விண்டோஸுக்கே போய்விடுவோம். 2011-ல் அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் போட்டுக் கொடுத்தார்கள். என் கடைக்கு ரிப்பேர், பிரிண்ட் என்று வந்த அந்த லேப்டாப்புகளில் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. போன பிள்ளைகள் எங்கேயாவது மாட்டிக்கொண்டிருந்தால், தமிழில் யாரிடம் கேட்டிருப்பார்கள்?

கடைப் பெயரும் என் பெயரும் வேண்டாம். துக்க வீடு எது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பி.கு.: இந்தக் கடிதத்தை அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். எல்லாரிடமும் நீமோ இருக்காது என்று எழுதச் சொன்னாள். லினக்ஸின் திரை அமைப்பு எக்ஸ்எஃப்சிஇ என்றால் துனார் டாட் டெஸ்க்டாப். கேடிஇ என்றால் ஓ.ஆர்.ஜி. டாட் கேடிஇ டாட் டால்ஃபின் டாட் டெஸ்க்டாப். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஓ.ஆர்.ஜி. டாட் க்னோம் டாட் நாட்டிலஸ் டாட் டெஸ்க்டாப், அதில் நாட்டிலஸின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அதையும் சின்ன எழுத்தில் தட்டினால் வேலைக்காகாது. கடைப் பையன் இப்போது பாட்டை ஹெட்போனில் கேட்கிறான்.