மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருபத்தைந்து வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. துணி கொடுக்க வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது அதன் முன் நின்று, "எங்க வீட்லயும் இருந்துச்சுண்ணே, எல்லாம் செத்துப்போச்சு, தொட்டி மொட்டை மாடியில கிடக்குது" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 2012இல் மகள் நான்காம் வகுப்பு. அவள் ஆசைப்பட்டாள் என்று ஒரு கடையில் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், ஆறு தங்கமீன் எல்லாம் ஒரே நாளில் வாங்கி, சாயங்காலமே தண்ணீர் நிரப்பி விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். தண்ணீர்தான் அழுக்கு என்று நினைத்து தினமும் மொத்தத் தண்ணீரையும் மாற்றினேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று ஆகும்வரை அலசினேன். பத்து நாளில் ஆறும் போய்விட்டன. கடைசி மீனை மகள் துளசிச் செடி அடியில் புதைத்தாள். அப்புறம் மூன்று வருஷம் வீட்டில் மீன் பேச்சே இல்லை.

2015இல் மாடிக்குக் குடிவந்த பையன் சென்னை கொளத்தூர்க்காரன். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. நடந்ததைச் சொன்னதும், "மருந்தெல்லாம் வேணாம்ணே, உங்க தொட்டியில பாக்டீரியா இல்ல" என்றான். மீனின் கழிவிலும் செவுளிலும் இருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீன் நிம்மதியாக இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் தானாகக் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினில் அலசினால் குடியேறியதும் செத்துவிடும். நான் தினமும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த கறுத்த ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரோடு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஆற்று மண் மாதிரி வாசனை. பாதியை எங்கள் ஃபில்டரில் செருகி, மீதியைத் தொட்டிக்குள்ளேயே பிழிந்தான். தண்ணீர் டீ மாதிரி ஆனதும் மகள் கத்தியே விட்டாள். காலையில் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. கப்பி என்கிற சின்ன மீன் மூன்று விட்டோம், ஒன்றும் சாகவில்லை. ஒரு மாதத்துக்குள் பாசிக்கு நடுவே கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் ஓடின. அவன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். அந்த ஸ்பாஞ்சின் வம்சத்தைப் பழைய கத்தரியால் வெட்டி வெட்டி இதுவரை எங்கள் தெருவில் நாலு வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். நாலிலும் மீன் உயிரோடு இருக்கிறது.

இப்படி ஓடுகிற தொட்டியின் ஸ்பாஞ்ச், மீன் வளர்க்கிற இன்னொருவர் வீட்டிலிருந்துதான் கிடைக்கும். அதற்காகத்தான் நமக்கு ஒரு சங்கம் வேண்டும் என்கிறேன்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். நம் ஊரில் ஒரு வீட்டில் காவிரி, அடுத்த வீட்டில் போர்வெல், வெயில் காலத்தில் டேங்கர். உப்பேறிய போர் தண்ணீரில் மோலியும் கப்பியும் செழிக்கும், நியான் டெட்ரா தவிக்கும். 2024 கோடையில் தட்டுப்பாடு வந்தபோது காவிரியிலிருந்து டேங்கருக்குத் திடீரென்று மாறி, ஒரே ராத்திரியில் எட்டு ஏஞ்சல் மீன்களை இழந்த வாடிக்கையாளர் என் கடையில் உட்கார்ந்து கண் கலங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கியிருக்கலாம் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் வாங்கும்போது இரண்டு அங்குலம். வளர்ந்தால் ஒரு அடியைத் தாண்டும். தொட்டி கொள்ளவில்லை என்றதும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று ஏரியில் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. உடம்பெல்லாம் கவசம், கரையைக் குடைந்து முட்டையிடும், நம் ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்ததைக் கரையில் நின்று பார்த்தவன் நான். அந்த ஏரிக்கு நாமும் ஒரு கெடுதல் செய்ய வேண்டாம். வேண்டாத மீனைக் கொடுக்க, பெரிய தொட்டி வைத்திருப்பவர் யார் என்று தெரிந்தாலே போதும்.

அல்சூர், மர்பி டவுன், ஜீவனஹள்ளி, சிவாஜிநகர் பக்கம் மீன் வளர்க்கும் வாசகர்கள், தொட்டியைக் காலியாகப் போட்டிருப்பவர்களும், ஆசிரியர் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். கன்னட நண்பர்களையும் அழைத்து வாருங்கள். கட்டணம், தலைவர், செயலாளர் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைப் பக்கம் கூடலாம். இடம் தர முன்வரும் அமைப்புகள் இருந்தால், மழைக் காலத்துக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வருகிறவர்கள் அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வந்தால் அங்கேயே பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். சோதனைக் கிட் என்னிடம் இருக்கிறது. ஜாவா பாசியும் கப்பிக் குஞ்சும் நான் கொண்டு வருகிறேன். ஸ்பாஞ்ச் வேண்டும் என்பவர்கள் அட்டையில் முன்கூட்டியே குறிப்பிடுங்கள். பாக்டீரியா குடியேற, சில வாரம் முன்பே புது ஸ்பாஞ்சை என் தொட்டியில் போட்டு ஊற வைக்க வேண்டும்.

அன்புடன்,
தையல் கடைக்கார வாசகர்,
அல்சூர், பெங்களூரு