கறுப்பைத் தொடாதே என்றாய்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கையெல்லாம் பெயின்ட். பாப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் ஆபரேஷனை நீ தள்ளிப்போட்டுக்கொண்டே போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, அதை நேரில் திட்டிக்கொள்கிறேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து மொட்டை மாடி ரூம் என் வசம். மருமகன் டோக்கியோவிலிருந்து ஒரு கிட் வாங்கி வந்தான், பாகம் பாகமாகக் கோத்துச் செய்கிற பிளாஸ்டிக் மாடல். ஸ்டார் வார்ஸ் படத்தில் வருமே, எக்ஸ்-விங் என்று நாலு இறக்கை விரிகிற விண்வெளி விமானம், அது. பண்டாய் கம்பெனியுடையது, 1/72 அளவு. நிஜத்தில் 12.5 மீட்டர் நீளம் என்று கணக்கு, 72-ல் வகுத்தால் 17 சென்டிமீட்டர் சொச்சம், என் ஒரு சாண்கூட இல்லை. பாகங்களைக் கலரிலேயே வார்த்திருக்கிறார்கள், பசை வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். முடிந்தது. தள்ளி வைத்துப் பார்த்தேன், அச்சு அசல் பொம்மை.

ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது என்று யோசித்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. பேனர் கம்பெனி ஷெட்டில் நாற்பதடித் துணியில் ஹீரோவின் மூக்குக்குப் பக்கத்தில் ஊதாவும் பச்சையும் அப்பிக்கொண்டிருந்தாய், "என்னடா பேய் மாதிரி இருக்கு" என்றேன், நீ பதிலே சொல்லாமல் மறுநாள் அதை அண்ணா சாலையில் ஏற்றிய பிறகு என்னை எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் நிறுத்திக் காட்டினாய். மூக்கு எழுந்து நின்றது. அப்போது சொன்னாய், நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே, கறுப்பு வைத்தால் அந்த இடம் ஓட்டை மாதிரி தெரியும் என்று.

இங்கேயும் அதே சங்கதிதான், தலைகீழாக. பெரிய விமானம் வெயிலில் நின்றால் தகடுக்குத் தகடு இடுக்கில் தானாக நிழல் விழும். சாண் அளவுப் பிளாஸ்டிக்கில் அந்த இடுக்கு மயிரிழைதான், அதில் நிழல் தங்க இடமில்லை, அதனால் நாமே வரைய வேண்டியிருக்கிறது. நீ பெரிதாக்க ஏமாற்றினாய், நான் சின்னதை வைத்து ஏமாற்றப் பார்க்கிறேன்.

ஆனால் நீ சொன்னதை மறந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர், அதன் மேல் தகட்டு இடுக்குக் கோடுகளை ஒட்டிக் கறுப்பு, அதன் மேல் வெள்ளை. காய்ந்த பிறகு பார்த்தால் செத்த மீன் வயிறு. நாலு இறக்கையையும் தேய்த்துக் கழுவ இரண்டு நாள் ஆனது. அடுத்த முறை காப்பிக்கொட்டைப் பிரவுனில் கொஞ்சம் ஊதா கலந்து கோடுகளில் அடித்தேன். மேலே பூசிய வெள்ளையும் சுத்த வெள்ளை இல்லை, ஒரு சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு பிரவுன் விட்டு, பழைய வேட்டி நிறம். தூரத்தில் எந்த நிறமும் வெளிறித்தான் தெரியும், சுத்த வெள்ளையையும் சுத்தக் கறுப்பையும் சின்ன மாடலில் பூசினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் இரண்டு பங்கு, பெயின்டைக் காற்றால் தூவுகிற ஏர்பிரஷில் காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ. பாலில் தண்ணீர் கலப்பது போல இல்லை, தண்ணீரில் பால் கலப்பது போல. ஒவ்வொரு தகட்டின் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வர வர கையை எடுத்துவிட வேண்டும், நடு வெளுக்கும், ஓரத்தில் அடியிலிருக்கும் பிரவுன் லேசாக எட்டிப் பார்க்கும். இன்னும் ஒரு கோட் அடிக்கலாமா என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்கு இன்னும் வரவில்லை, இடது பக்க மேல் இறக்கையில் நிழல் கிட்டத்தட்ட காணோம்.

இறக்கையில் சிவப்புப் பட்டைகள் இருக்கின்றன இல்லையா, அவை முதலில் நீலமாக இருந்திருக்க வேண்டியவையாம். 1977-ல் வந்த முதல் படத்துக்கு மாடல்களை நீலத் திரைக்கு முன்னால் வைத்துப் படமெடுத்தார்கள், நீலம் பூசினால் அந்த இடம் திரையோடு சேர்ந்து மாயமாகிவிடும், அதனால் சிவப்பு. உனக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன்.

அந்தப் பட்டைகளின் மேல் நிறமில்லாத மேல்பூச்சு, கிளியர் லாக்கர், அடித்த அன்றைக்கு ஐப்பசி அடைமழை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது, சிவப்பு முழுக்க விபூதி பூசிய மாதிரி வெளுத்துவிட்டது. மெதுவாகக் காயும் தின்னரைப் பனி போல மேலே தூவினேன், பெரும்பாலும் தெளிந்தது. இனி மழை நாளில் லாக்கரைத் தொடுவதில்லை.

அதைவிடப் பெரிய கூத்து வாஷ் விட்டபோது. எனாமல் பெயின்டை அதன் தின்னரில் தண்ணீர் மாதிரி கரைத்துக் கோட்டில் தொட்டால் அதுவே ஓடி இடுக்கை நிரப்பும், வழிந்ததைப் பஞ்சால் துடைக்கலாம். பார்க்கவே அழகாக இருக்கும், அந்த ஆசையில் தாராளமாக ஊற்றிவிட்டேன். இறுக்கிச் செருகிய மூட்டுக்குள் எனாமல் தின்னர் இறங்கினால் பிளாஸ்டிக் விரிந்து உடையும் என்று படித்தும் இருக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு டக்கென்று ஒரு சத்தம், இறக்கைக் குச்சி ஒடிந்து கிடக்கிறது. தப்பு என்னுடையதுதான். துளை போட்டுப் பித்தளைக் கம்பி சொருகி நிறுத்தியிருக்கிறேன், தொடாதவரை தெரியாது.

மாடலுக்குப் பூசுகிற அழுக்கில்தான் எனக்கும் மருமகனுக்கும் சண்டை. விண்வெளியில் காற்றே இல்லை, புகைக்கறை எப்படி மாமா பின்பக்கமாக இழுபடும் என்கிறான். சரி, கிரகத்தில் இறங்கும்போது காற்று இருக்கும் இல்லையா என்றேன். உண்மையில் அந்தப் படத்தின் சண்டைக் காட்சிகளையே இரண்டாம் உலகப் போர் விமானப் படத்துண்டுகளை ஒட்டிவைத்துப் பார்த்துத்தான் திட்டமிட்டார்கள், பிறகு கறை மட்டும் வேறெப்படி இருக்கும்? அவர்கள் மாடலில் ஒட்டிய சில்லறைப் பாகங்கள்கூடக் கடையில் விற்ற டாங்கி, விமானக் கிட்களிலிருந்து பிய்த்தவை. பெயின்ட் உதிர்ந்த தடத்தில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் உதிர்ந்தால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர். நான் பஞ்சால் தட்டியது முதல் தடவை அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது.

அப்படிப் படத்துக்காகச் செய்த எக்ஸ்-விங் ஒன்று, கிரெக் ஜீன் என்ற மாடல் கலைஞர் இறந்த பிறகு அவருடைய கராஜில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது. 2023 ஏலத்தில் 31 லட்சம் டாலருக்குப் போனது. உன் பேனர்களை அடுத்த படத்துக்கு வெள்ளையடித்து அதன் மேலேயே வரைந்தாய், ஒன்றுகூட மிச்சமில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, உனக்கு எரிகிறதா தெரியவில்லை, நீ கேட்டால் சிரிப்பாய்.

இப்போது எல்லாம் முடிந்து மேட் வார்னிஷும் அடித்தாயிற்று. பைலட் ஒருவன் மட்டும் பாக்கி. உட்கார்ந்திருக்கிறான், முகம் மூன்று மில்லிமீட்டர். நான் மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் துடைத்தேன், ஒருமுறை மாறுகண், ஒருமுறை மீசை. பொங்கலுக்கு வரும்போது படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. பிரஷ், கலர் எல்லாம் இங்கேயே இருக்கிறது, மாடிப்படிக்குக் கைப்பிடியும் போட்டுவிட்டேன். காக்பிட் மூடியை அதுவரை ஒட்டமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்