இறுதிக்கால விருப்ப ஆவணத்தை யாரிடம் ஒப்படைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எமனைச் சிவபெருமான் எட்டி உதைத்த தலம் என்று திருக்கடையூரைப் போற்றி, அறுபதிலும் எண்பதிலும் அங்கே போய் மாலை மாற்றிக்கொள்கிற சமூகம் நம்முடையது. சாவைத் தள்ளிப்போட விரும்புவதை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்ததற்கும் அந்த விருப்பமே காரணம். ஆனால், இனி மீளவே முடியாது என்று மருத்துவர்களுக்கே தெரிந்துவிட்ட நிலையில் இருக்கும் முதியவர்கள் மீது அதே விருப்பத்தைத் திணிக்கும்போது அது கொடுமையாகிவிடுகிறது.

எண்பது வயதைக் கடந்த என் அத்தைக்குச் சிறுநீரகமும் இதயமும் ஒருசேரத் தளர்ந்தன. “என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்” என்று அவர் பலமுறை சொல்லியிருந்தும், மூச்சுத் திணறல் வந்த இரவில் வென்டிலேட்டருக்கான ஒப்புதல் படிவத்தில் பிள்ளைகள் கையெழுத்திட்டார்கள். தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் நான் கையை நீட்டியபோது என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுத முயன்றார். என்னவென்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. ‘பணத்துக்குக் கணக்குப் பார்த்துப் பெற்றவளை விட்டுவிட்டார்கள்’ என்று உறவினர்கள் பேசுவார்களே என்ற அச்சத்தோடு நடு இரவில் முடிவெடுக்கச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

இந்தச் சுமையைப் பிள்ளைகளின் தோளிலிருந்து இறக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம்; அதுவே இறுதிக்கால விருப்ப ஆவணம். அதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற கடினமான விதியை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது நீதிமன்றம். இது ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்று. இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பிறகே உயிர்காக்கும் கருவிகளை விலக்க முடியும்.

அவ்வாறு எழுதிய ஆவணத்தின் ஒரு நகலை உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டுதலில் உள்ளது. சென்னையில் அவர் யார் என்று நான் விசாரித்த இடங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கர்நாடக அரசோ இந்தத் தீர்ப்பைச் செயல்படுத்துவதற்கான சுற்றறிக்கையை 2025 தொடக்கத்திலேயே வெளியிட்டுவிட்டது.

கருவிகளை விலக்கினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் தீர்ந்ததும், மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வலி நிவாரணத்துக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போகும் குடும்பங்கள் எத்தனையோ! 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் வலி தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். இறுதி நாள்களை வீட்டில் கழிக்க விரும்புவோருக்கு மார்ஃபின் உள்ளிட்ட மருந்துகளோடு அந்தச் சேவை தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி ஆணையர், விருப்ப ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவிலும் தமிழில் எழுதி வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.